அடிச்சவர் மேல கேஸ் இருக்கு, சரி... ஆஸ்பத்திரி பில்லை யார் தருவா?



எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், டேர்ம் பிளான்னு நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குப் பேசப் போறது, யாருமே பட்ஜெட்ல எழுதி வைக்காத ஒரு செலவு.

பார்க்கிங்ல வண்டி எடுக்கிற தகராறு. பக்கத்து ரூம் ஆளோட வாக்குவாதம். கடன் வசூலுக்கு வந்தவர் கை நீட்டிட்டார். எப்படியோ, உங்க மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு போச்சு. பிளேட் வெச்சு ஆபரேஷன். ஒன்றரை மாசம் லீவு, அதுல பாதி லாஸ் ஆஃப் பே. ஈ.எம்.ஐ. மட்டும் 5-ஆம் தேதி கரெக்டா வந்து நிக்குது.

எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை: "போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்தாச்சுல்ல, கோர்ட் பார்த்துக்கும்."

இங்கதான் நிறைய பேர் ஏமாறாங்க. போலீஸ் கேஸ் என்பது குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தர்ற வழி. உங்க பணத்தைத் திருப்பித் தர்ற வேலையை அது தானா செய்யாது. பணத்துக்குத் தனிக் கதவு இருக்கு. அதுக்குத் தனிக் கெடுவும் இருக்கு. அந்தக் கெடு, கிரிமினல் கேஸ் முடியட்டும்னு உங்களுக்காகக் காத்திருக்காது. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா இந்தப் பதிவுல பாதி முடிஞ்சது. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பணம் வர்றதுக்கு மூணு வழி

1. கிரிமினல் வழக்கில் தண்டனை கொடுக்கும்போது நீதிமன்றம் உத்தரவிடுற இழப்பீடு.
2. நீங்களே சிவில் நீதிமன்றத்தில் போடுற இழப்பீட்டு வழக்கு.
3. அரசோட பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம்.

ஒண்ணு கேட்டா இன்னொண்ணு கேட்கக் கூடாதுன்னு இல்லை. ஆனா ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு தடவை பணம் வாங்க முடியாது. கிரிமினல் கோர்ட் மூலமா வந்த தொகையை, பின்னாடி வர்ற சிவில் வழக்கில் நீதிபதி கணக்கில் எடுத்துக்குவார். சட்டமே அப்படித்தான் சொல்லுது.

முதல் வழி: கிரிமினல் கோர்ட்

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்குப் புதுச் சட்டங்கள். பாரதிய நியாய சன்ஹிதா குற்றத்தையும் தண்டனையையும் சொல்லுது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையைச் சொல்லுது. இந்த ரெண்டாவது சட்டத்தோட 395-ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். பழைய சட்டத்தில் இது 357.

தண்டனையில் அபராதம் இருந்தா அதிலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். அபராதம் இல்லாத தண்டனைன்னா, தனியா ஒரு இழப்பீட்டுத் தொகையைக் கட்டச் சொல்லலாம். 1988-இல் ஹரி சிங் வழக்கில், தாக்குதலால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்தின உச்ச நீதிமன்றம், இந்த அதிகாரத்தைத் தாராளமா பயன்படுத்துங்கன்னு கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இழப்பீடு கொடுக்கணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி யோசிச்சே ஆகணும்னு சொன்னது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா இதுல ரெண்டு சிக்கல்:

- குற்றவாளின்னு தீர்ப்பு வந்தாத்தான் இந்தப் பணம். விடுதலை ஆயிட்டா இந்த வழி மூடிரும்.
- நீங்க பில்லையும் சம்பள நஷ்டத்தையும் காட்டலைன்னா நீதிபதிக்கு உங்க நஷ்டம் எவ்வளவுன்னே தெரியாது.

அதனால அரசு வழக்கறிஞர்கிட்ட, பில் நகல்களோட எழுத்து மூலமா "இழப்பீடு கேளுங்க"ன்னு ஒரு மனு கொடுத்து வைங்க. கொடுத்த தொகை ரொம்பக் குறைவுன்னா மேல்முறையீடு செய்யற உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு இருக்கு. இது நிறைய பேருக்குத் தெரியாது.

ரெண்டாவது வழி: சிவில் வழக்கு

ஒருத்தர் உடம்புல இன்னொருத்தர் கை வெச்சு காயப்படுத்தறது குற்றம் மட்டும் இல்லை, அது ஒரு சிவில் தீங்கும்கூட. அந்தத் தீங்கால உங்களுக்கு ஆன நஷ்டத்தைப் பணமா கேட்கலாம். கிரிமினல் கேஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கேட்கலாம்.

*நிரூபிக்கிற அளவு வேற.* கிரிமினல் கேஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். சிவில் கேஸ்ல "இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்"னு நீதிபதிக்குத் தோணினா போதும். அதனால அடிச்சவர் கிரிமினல் கேஸ்ல சந்தேகத்தின் பலனால விடுதலை ஆனாலும் உங்க சிவில் கேஸ் அதோட செத்துப் போகாது.

*எஃப்.ஐ.ஆர். கட்டாயம் இல்லை.* சாதாரண காயம்னா போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போட முடியாத குற்றப் பட்டியல்ல அது வரும். பல இடத்துல சி.எஸ்.ஆர். ரசீதோட நிறுத்திடுவாங்க. "எஃப்.ஐ.ஆரே இல்லை, நம்ம கதை முடிஞ்சது"ன்னு நினைக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். இருந்தா பலம்தான், இல்லாட்டியும் சிவில் வழக்கு போடலாம். அதே சமயம் எலும்பு முறிவு, பல் உடைஞ்சது, 15 நாள் அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலை, இதெல்லாம் சட்டப்படி கொடுங்காயம். அதுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்க.

*எந்த ஊர் கோர்ட்?* சிவில் நடைமுறைச் சட்டம் 19-ஆம் பிரிவில் ஒரு அழகான உதாரணம் இருக்கு: டெல்லியில் குடியிருக்கிறவர் கல்கத்தாவில் ஒருத்தரை அடிச்சா, அடி வாங்கினவர் கல்கத்தாவிலயும் வழக்கு போடலாம், டெல்லியிலயும் போடலாம். 1908-ஆம் வருஷத்துச் சட்டம், இன்னைக்கும் அதேதான். சென்னையில் அடி வாங்கினீங்க, அடிச்சவர் வீடு மதுரைன்னா ரெண்டுல எது உங்களுக்கு வசதியோ அதை நீங்க தேர்ந்தெடுக்கலாம்.

*கெடு: 3 வருஷம்.* காலவரம்புச் சட்டத்தில் தாக்குதலுக்குன்னு தனி வரி இல்லாததால, பொதுவான 3 வருஷக் கெடு பொருந்தும். சம்பவம் நடந்த நாள்ல இருந்து எண்ணணும். கிரிமினல் கேஸ் 5 வருஷம் இழுக்கலாம். அது முடியட்டும்னு உட்கார்ந்திருந்தா உங்க பணம் கேட்கிற உரிமை நடுவுலயே காலாவதி ஆயிடும். இப்பவே மொபைல்ல ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரிமைண்டர் போடுங்க. மூணாவது வருஷம் வக்கீலைத் தேடறதுக்கும் பேப்பர் சேர்க்கறதுக்கும் சரியா இருக்கும்.

எவ்வளவு கேட்கலாம்? ஒரு கணக்கு போடுவோம்

இது உதாரணக் கணக்குதான். வயசு 28, மாசச் சம்பளம் 30,000 ரூபாய், மணிக்கட்டு முறிவு, இன்ஷூரன்ஸ் இல்லைன்னு வெச்சுக்குங்க.

- ஆபரேஷன், ஆஸ்பத்திரி பில்: 1,40,000
- மருந்து, ஸ்கேன்: 18,000
- பிசியோதெரபி, 20 தடவை × 500: 10,000
- ஆட்டோ, கேப்: 6,000
- 45 நாள் சம்பள நஷ்டம்: 45,000
- உடைஞ்ச போன், கண்ணாடி: 15,000
- பின்னாடி பிளேட் எடுக்கிற ஆபரேஷனுக்கு: 40,000

கூட்டினா 2,74,000 ரூபாய். இது முழுக்க ரசீதால நிரூபிக்க வேண்டிய தொகை. இதுக்கு மேல வலி, வேதனை, பழைய மாதிரி கையைப் பயன்படுத்த முடியாம போனது, இதுக்கெல்லாம் ரசீது கிடையாது. நீதிபதிதான் நியாயமா ஒரு தொகை போடணும். நீங்க 1,26,000 கேட்கறீங்கன்னு வெச்சுக்கிட்டா மொத்தக் கோரிக்கை 4 லட்சம்.

நிரந்தர ஊனம் இருந்தா கணக்கே மாறும். வாகன விபத்து வழக்கான ராஜ் குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பில், டாக்டர் சொல்ற ஊனச் சதவீதம் வேற, அதனால சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையுதுங்கறது வேறன்னு உச்ச நீதிமன்றம் தெளிவா பிரிச்சது. இடது கை போனா ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட பிழைப்பே போயிடும். அதே இழப்பு அலுவலக கிளார்க்குக்கு வேலையையே பறிச்சிடாம இருக்கலாம். உங்க வேலைக்கு அந்தக் கை எவ்வளவு முக்கியம்ங்கறதை நீங்கதான் காட்டணும்.

விபத்து வழக்குகள்ல 26-30 வயசுக்கு 17-ஆல பெருக்குவாங்க. சம்பாதிக்கும் திறன் 10 சதவீதம் குறைஞ்சதுன்னா: 30,000 × 12 × 17 × 10% = 6,12,000 ரூபாய். தாக்குதல் வழக்கில் சிவில் நீதிபதி இதே சூத்திரத்தைப் போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா கோரிக்கைத் தொகையை நியாயப்படுத்த இது ஒரு நல்ல அளவுகோல்.

வழக்கு போட என்ன செலவு?

தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் முன்னாடி 7.5 சதவீதமா இருந்தது. 2017-இல் 3 சதவீதமா குறைச்சாங்க. அப்போ 4 லட்சம் கேட்டா கோர்ட் கட்டணம் 12,000 ரூபாய். இதோட வக்கீல் ஃபீஸ். அதனால கோவத்துல "50 லட்சம் போடுங்க சார்"னு சொல்லாதீங்க. கட்டணம் மட்டுமே ஒன்றரை லட்சம் வரும்.

ரெண்டு நல்ல செய்தி. மத்தியஸ்தம், லோக் அதாலத் மூலமா பேசித் தீர்த்துக்கிட்டா கட்டின கோர்ட் கட்டணம் திரும்ப வரும். அடுத்தது, பெண்களுக்கு எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்க மாட்டாங்க. மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. உங்க மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். தேசிய உதவி எண் 15100.

ஜெயிச்சா பணம் கைக்கு வருமா?

இந்தப் பதிவோட முக்கியமான பகுதியே இதுதான்.

வாகன விபத்துன்னா பின்னாடி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கு. தீர்ப்பு வந்தா செக் வரும். தாக்குதல் வழக்கில் அப்படி யாரும் இல்லை. அடிச்சவரோட பாக்கெட்தான் ஒரே ஆதாரம். அது காலின்னா உங்க தீர்ப்பு ஃபிரேம் போட்டு மாட்டத்தான் ஆகும். அதனால கேஸ் போடறதுக்கு முன்னாடியே "இவர்கிட்ட என்ன இருக்கு?"ன்னு பாருங்க.

*அவர் சம்பளக்காரரா?* சம்பளத்தை ஜப்தி பண்ணலாம், ஆனா முழுசா இல்லை. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூணுல ரெண்டு பங்கையும் தொடக் கூடாது. 31,000 சம்பளம்னா 30,000-இல் மூணுல ஒரு பங்கு, அதாவது மாசம் 10,000 ரூபாய் உங்களுக்கு வரும். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாசம்தான் இப்படிப் பிடிக்கலாம். ஆக 2,40,000 வரைக்கும் இந்த வழியில வரும். பி.எஃப். பணத்தைத் தொட முடியாது.

*சொத்து இருக்கா?* அவர் பேர்ல இடமோ வீடோ இருக்கிற விவரம் கிடைச்சா வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க. கேஸ் தெரிஞ்சதும் சொத்தை மாத்தி எழுதப் பார்க்கறார்னு ஆதாரம் இருந்தா, தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி கேட்டு மனு போடலாம்.

*அவருக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?* அடிச்சவர் பாரோட பவுன்சர், கடையோட செக்யூரிட்டி, ஃபைனான்ஸ் கம்பெனியோட வசூல் ஏஜென்ட்டுன்னா, வேலையின் போக்கில் செஞ்ச செயலுக்கு முதலாளியையும் பிரதிவாதியா சேர்க்கலாம். வசூல் ஏஜென்ட்டோட நடத்தைக்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்புன்னு ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கு. பணம் கொடுக்கத் தெம்பு இருக்கிற ஒருத்தர் வழக்குக்குள்ள வர்றதே பெரிய விஷயம்.

தீர்ப்பை நிறைவேத்த 12 வருஷம் டைம் இருக்கு. இன்னைக்குக் கையில காசு இல்லாத 25 வயசுக்காரர் நாளைக்கு வீடு வாங்கலாம். அதையும் மனசுல வைங்க.

முதல் 30 நாள்: இந்தப் பேப்பர்தான் உங்க பணம்

- டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. "மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லிடு, பிரச்சனை வேண்டாம்"னு கூட இருக்கிறவங்க சொல்லுவாங்க. ஆஸ்பத்திரியோட ஏ.ஆர். காப்பியில் அப்படி எழுதிட்டா எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். யார், எதால, எப்போ அடிச்சாங்கன்னு பதிவாகணும். அந்தக் காப்பியை வாங்கி வைங்க.
- சி.சி.டி.வி. பதிவு சில நாள்ல அழிஞ்சிடும். அந்தக் கடைக்கும் போலீசுக்கும் உடனே எழுதிக் கொடுங்க. வீடியோவைக் கோர்ட்ல காட்ட ஒரு சான்றிதழும் வேணும், வக்கீல்கிட்ட கேளுங்க.
- காயத்தோட போட்டோ, தேதியோட. முதல் நாள், ஒரு வாரம், ஒரு மாசம்.
- எல்லா ரசீதும் ஒரே ஃபைல்ல. ஆட்டோவுக்கு யு.பி.ஐ.ல கட்டுங்க, கணக்கு தானா நிக்கும்.
- எச்.ஆர்.கிட்ட லீவு, சம்பளப் பிடித்தம் பத்தி ஒரு லெட்டர் வாங்குங்க. சம்பவத்துக்கு முந்தின 6 மாசப் பேஸ்லிப்பும் வேணும். கழிஞ்சு போன சம்பள லீவையும் நஷ்டத்துல சேர்த்துக் கேட்கலாம்.
- பார்த்தவங்க பேரும் நம்பரும்.

ஆபீஸ் மெடிக்ளைம் இருந்தா தாக்குதல் காயத்துக்கும் கிளெய்ம் பண்ணுங்க. ஏ.ஆர். காப்பி, போலீஸ் பேப்பர் கேட்பாங்க. தனிநபர் விபத்து பாலிசி இருந்தா அதையும் எடுத்துப் படிச்சுப் பாருங்க. வேலை நேரத்தில், வேலை காரணமா அடி வாங்கினா, ஈ.எஸ்.ஐ.ல இருக்கிறவங்களுக்குத் தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். எந்தப் பணம் வந்தாலும் கோர்ட்ல மறைக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை: நீங்களும் திருப்பி அடிச்சிருந்தா கவுன்டர் கேஸ் வரும், கேட்கிற தொகையும் அடி வாங்கும். வக்கீல்கிட்ட முழுக் கதையைச் சொல்லுங்க.

"சார், 15,000 வாங்கிட்டு முடிச்சுக்கங்க"

அடிபட்ட ரெண்டாவது வாரமே இந்தப் பேச்சு வரும். ஸ்டேஷன் வாசல்ல, இல்லைன்னா ஊர்ப் பெரியவர் மூலமா. சமரசம் தப்பே இல்லை. பல வருஷம் கோர்ட்டுக்கு அலையறதை விட நல்ல தொகைக்கு முடிச்சுக்கறது புத்திசாலித்தனம்தான். ஆனா மூணு விஷயம்:

1. சிகிச்சை முடியாம கையெழுத்துப் போடாதீங்க. பிளேட் எடுக்கிற ஆபரேஷன் செலவு அடுத்த வருஷம்தான் வரும்.
2. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ங்கற வரியைப் பாருங்க. அந்த ஒரு வரி, 4 லட்ச ரூபாய் சிவில் கோரிக்கையை 15,000-க்கு வித்துடும்.
3. பணம் பேங்க் வழியா வந்த பிறகு கையெழுத்து. கொடுங்காய வழக்கைச் சமரசமா முடிக்கக் கோர்ட் அனுமதி வேணும், அதனால வெள்ளைப் பேப்பர்ல எழுதினதை நம்பாதீங்க. லோக் அதாலத்துல பதிவு பண்ணினா அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

பேச்சுவார்த்தைக்குப் போறதுக்கு முன்னாடி மேல போட்ட மாதிரி உங்க கணக்கைப் போட்டுட்டுப் போங்க. 2,74,000 செலவுன்னு பேப்பரோட உட்கார்ந்தா, 15,000 பேசறவங்க தொனியே மாறும்.

மூணாவது வழி: அரசுத் திட்டம்

அடிச்சது யாருன்னே தெரியலை, ஆள் சிக்கலைன்னா? பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுகிட்ட விண்ணப்பிக்கலாம். ரெண்டு மாசத்துல விசாரணையை முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. மறுவாழ்வு தேவைப்படுற அளவுக்குப் பாதிப்பு இருக்கிறவங்களுக்கான திட்டம் இது. சாதி வன்கொடுமைன்னா வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள்ல தனி நிவாரணம் இருக்கு. வீட்டுக்குள்ள நடந்த அடின்னா, பெண்கள் 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் கிட்டயே இழப்பீடு கேட்கலாம்.

அப்போ கேஸ் போடலாமா, வேண்டாமா?

நஷ்டம் 10,000-15,000, எதிராளிகிட்ட எதுவும் இல்லைன்னா, கிரிமினல் கோர்ட்ல இழப்பீடு மனுவும் லோக் அதாலத்தும் போதும். நஷ்டம் லட்சத்தைத் தாண்டுது, எதிராளிக்குச் சம்பளமோ சொத்தோ முதலாளியோ இருக்குன்னா, 3 வருஷத்துக்குள்ள சிவில் வழக்கு போடறது நியாயமான முடிவு. நிரந்தர ஊனம்னா யோசிக்கவே வேண்டாம், இந்த வாரமே வக்கீலைப் பாருங்க.

ஒண்ணு மட்டும் உறுதி. காயம்பட்ட உடனே ஃபைல் போட ஆரம்பிச்சவருக்கு இந்த எல்லா வழியும் திறந்திருக்கும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டவருக்கு ஒவ்வொண்ணா மூடும்.

இது பொதுவான தகவல்தான், உங்க வழக்குக்கான சட்ட ஆலோசனை இல்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க. சம்பள ஜப்தி கணக்கை வீடியோவுல இன்னும் விரிவா போட்டுக் காட்டறோம். உங்க கேள்விகளைக் கமெண்ட்ல கேளுங்க, ஆனா ஆள் பேர், கேஸ் நம்பர் எதுவும் போடாதீங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.